கணுக்கால் சென்சாரும் கேமராவும்: ஒத்திகைக்கு முன் கவனிக்க

அனைவருக்கும் வணக்கம். ஆடுபவரின் அசைவுக்கேற்பப் படம் மாறும் பகுதிக்கான குறிப்பு இது.

கணுக்காலில் கட்டும் எம்பியு-6050 என்ற அசைவு சென்சார், நாம் மாற்றாதவரை ±2 ஜி அளவில்தான் இருக்கும் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). தரையில் ஓங்கி மிதித்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். நடுத்தர மிதியும் பலமான மிதியும் ஒன்றுபோலவே பதிவாகும். ±16 ஜி-க்கு மாற்றிவிடுங்கள். பட்டை தளர்ந்திருந்தால் ஒரே மிதி இரண்டாக எண்ணப்படும். முதலில் பட்டையை இறுக்குங்கள், அப்புறம் நிரலைத் தொடுங்கள்.

கேமரா விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சாதாரண கேமரா, ஆடுபவர்மேல் விழும் புரொஜெக்டர் படத்தையும் அசைவாக எடுத்துக்கொள்ளும். படம் தன்னையே துரத்தத் தொடங்கும். அகச்சிவப்பைப் பார்க்கும் கேமரா, 850 நானோமீட்டர் விளக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் மூன்றும் சேர்ந்தால் இது தீரும். ஹாலோஜன் விளக்குகளை மட்டும் அந்த நேரத்தில் அணையுங்கள்; அவை அகச்சிவப்பையும் கொட்டும்.

நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கே ஏறக்குறைய 17 மில்லிவினாடி. கேமரா, கணினி, புரொஜெக்டர் மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். புரொஜெக்டரில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள், சாய்ந்த படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை நிறுத்துங்கள்.

சென்சாரின் தகவல் வைஃபையில் வருவதானால் இன்னொன்று: அரங்கு நிறைந்தால், பார்வையாளர்களின் கைபேசிகளால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். காலி அரங்கில் மட்டும் சோதித்துவிட்டு நம்பாதீர்கள்.