பொட்டலத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களின் அன்னதானம், முதியோர் உதவி, உணவுப் பொட்டல விநியோகம் ஆகியவற்றைப் பாராட்டிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாராட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், சாட்ஸ்வொர்த்தில் அத்தகைய சங்கம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பொட்டலம் கட்டிவருபவன் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களிடம் உதவி பெறுவோரில் ஒருவர்கூட எங்கள் நிர்வாகக் குழுவில் இல்லை.

நிறவெறி அரசு, 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, இந்தியர்களை நகரின் பல மூலைகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து 1960களில் குடியமர்த்திய இடம் சாட்ஸ்வொர்த். அதே குன்றுச் சரிவுகளில் இன்று பாட்டில்பிரஷ் போன்ற தகரக் கொட்டகைக் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுபவர்கள். எங்கள் பொட்டலங்களில் பெரும்பகுதி இப்போது அவர்களுக்கே போகிறது.

அந்தப் பொட்டலத்தில் மாதந்தோறும் இரண்டு கிலோ சுகர் பீன்ஸ் என்னும் காய்ந்த பயறு வைத்துவந்தோம். மலிவானது, கெடாது, சத்துள்ளது என்று குழுவில் ஒருமனதாக முடிவெடுத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்ற பெண்மணி ஒருவர் பீன்ஸ் பையை மட்டும் எடுத்து மேசைமேல் திருப்பி வைத்தார். இது வேக மூன்று மணி நேரம் ஆகிறது, அத்தனை நேரம் அடுப்பெரிக்க மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது, மீன் டின் இருந்தால் கொடுங்கள் என்று அவர் ஜூலுவில் சொன்னதை எங்கள் சமையல் உதவியாளர் மொழிபெயர்த்தார். எங்கள் குழுவில் கணக்கர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார். மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கிறவர் எவருமில்லை. அடுத்த மாதமே மீன் டின் வாங்கினோம். திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டுப் பீன்ஸை எடுத்துப்போன மற்றவர்களை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

1997ஆம் ஆண்டின் இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி பதிவுசெய்த சங்கம், நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் அறிக்கை தாமதமாகப் போனதே இல்லை. எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்பது அதில் துல்லியமாக இருக்கும். ஆனால் குழுவில் யார் அமர வேண்டும் என்பது சங்கத்தின் சொந்த விதிகளைப் பொறுத்தது. எனவே இந்தக் குறைக்கு அரசாங்கத்தைக் கை காட்டிப் பயனில்லை.

வாங்குகிறவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று எங்கள் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அதே கொட்டகைகளில் பெண்கள் ஸ்டாக்வெல் நடத்துகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் பிடிக்கும் சீட்டுதான் அது, மாதத் தவணை, முறை வைத்துப் பணம், சாவுச் செலவுக்குத் தனிக் கணக்கு எல்லாம் உண்டு. நம் முன்னோரை எடுத்துக்கொண்டாலும், கட்டடச் செலவில் பாதியைத் தாங்களே திரட்டினால்தான் மீதியை அரசு தரும் என்ற நிலையில், கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளும் பேரர்களும் நம் மாகாணமான நேட்டாலில் பள்ளிகளைக் கட்டி எழுப்பினார்கள். தங்கள் பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளியின் குழுவில் அவர்களே அமர்ந்தார்கள். படிப்பறியாதவர்களுக்கு இது எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நாம் பொறுத்திருப்போமா?

2021 ஜூலைக் கலவரத்தின்போது கடைகள் மூடி, ரொட்டிக்கும் பாலுக்கும் ஊரே அலைந்த நாட்களில், பாட்டில்பிரஷில் யாரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைக் கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டியலில் அவர்களுடைய அடையாள எண் இருந்தது, பொட்டல எண்ணிக்கை இருந்தது. பெயர் சொல்லிப் பேசக்கூடியவர் ஒருவரும் இல்லை.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், குழுவில் இரண்டு இடங்களை உதவி பெறுவோருக்கு ஒதுக்கவும், கூட்டக் குறிப்பை ஜூலுவிலும் வாசிக்கவும், இரவில் டாக்சி கிடைக்காததால் கூட்டத்தைச் சனிக்கிழமைப் பகலுக்கு மாற்றவும் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். இப்படி ஏற்கெனவே செய்து பார்த்த சங்கங்கள் இருந்தால், நன்றாக நடந்ததையும் சிக்கலானதையும் தங்கள் இதழுக்கு எழுத வேண்டுகிறேன். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்