டயர்ல 32 இல்ல, 33: வாயுக் கணக்கு பத்தி ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரிக்கு மாதிரி வினா போட்டிருந்தீங்க, நல்ல விஷயம். அதுல ஒரு கணக்கு: காலைல 27 டிகிரில ஸ்கூட்டர் டயர்ல 30 பிஎஸ்ஐ காத்து இருக்கு, மத்தியானம் வெயில்ல நின்னு 47 டிகிரி ஆயிருச்சு, டயர் விரியலன்னு வச்சுக்கிட்டா இப்ப பிரஷர் எவ்வளவு? விடை 32னு இருந்துச்சு. 30ஐ 320ஆல பெருக்கி 300ஆல வகுத்தா 32 வரும், செல்சியஸோட 273ஐ கூட்டி கெல்வினுக்கு மாத்துனது வரைக்கும் சரிதான். ஆனா அந்த 30ங்கறது பெட்ரோல் பங்க்ல காத்தடிக்கும்போது கேஜ் காட்டுற அளவு. வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் கேஜ் சொல்லும். பஞ்சரான டயர்ல வச்சா சைபர்னு காட்டும், அதுக்காக உள்ள காத்தே இல்லன்னு ஆயிடுமா?

பிவி = என்ஆர்டிங்கற வாயுச் சமன்பாட்டுல (வி கன அளவு, என் வாயு எத்தன மோல்ங்கறது, ஆர் ஒரு மாறிலி, டி கெல்வின்ல வெப்பநிலை) போட வேண்டிய பி முழு அழுத்தம். அதாவது 30 கூட வெளிக்காத்தோட 14.7ஐ சேத்து 44.7. அத 320ஆல பெருக்கி 300ஆல வகுத்தா 47.7, திரும்ப 14.7ஐ கழிச்சா 33. ஒரு பிஎஸ்ஐக்காகவா இவ்வளவு பெரிய லெட்டர்னு நெனைப்பீங்க. நான் பல வருஷமா ட்யூஷன் எடுக்கறேன் சார், இந்த பாடத்துல பசங்க மார்க் விடறது ஃபார்முலா தெரியாம இல்ல, ஃபார்முலாவ தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவாங்க. போடற நம்பர் எந்த யூனிட்ல இருக்கு, அது எதோட அளவுன்னு பாக்காமலே போட்டுடறாங்க, அங்கதான் போகுது.

கெல்வினுக்கு மாத்தாம 47ஐ 27ஆல வகுத்த பசங்களுக்கு 52 பிஎஸ்ஐ வந்திருக்கும். வண்டி ஓட்டற எவனும் அத நம்ப மாட்டான், ஆனா பேப்பர்ல எழுதும்போது அந்த சந்தேகம் வர்றதே இல்ல, நாலு ஆப்ஷன்ல ஒண்ணா அது இருந்துட்டா கண்ண மூடிட்டு டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்கு போயிடறாங்க. நீட்ல கால்குலேட்டர் கெடையாது, தப்பா போட்டா ஒரு மார்க் மைனஸ் வேற.

அடுத்து இந்த ஆர்ங்கற வாயு மாறிலி. புக்ல 0.0821னும் இருக்கு 8.314னும் இருக்கு, பசங்களுக்கு ரெண்டும் வேற வேற மாறிலின்னு மனசுல பதிஞ்சு போச்சு. அழுத்தம் அட்மாஸ்பியர்ல, கன அளவு லிட்டர்ல இருந்தா 0.0821, பாஸ்கலும் கன மீட்டரும்னா 8.314, அவ்வளவுதான். மாத்தி போட்டா என்ன ஆகும்னு ஒரு தடவ போர்டுல செஞ்சு காட்டணும்: 1 அட்மாஸ்பியர், 273 கெல்வின், 22.4 லிட்டர், ஒரு மோல் வரணும், 8.314 போட்டா 0.01 மோல்னு வந்து நிக்கும். இத கண்ணால பாத்த பையன் அப்புறம் யூனிட் எழுதாம ஒரு ஸ்டெப் போக மாட்டான்.

பாயில் விதி, சார்லஸ் விதி, கே லுசாக், அவகாட்ரோன்னு நாலு ஃபார்முலா, அடர்த்திக்கு ஒண்ணு, மோலார் நிறைக்கு ஒண்ணுன்னு கோச்சிங் நோட்ஸ்ல பக்கம் பக்கமா ஷார்ட்கட் இருக்கு. பிரெஞ்சு விஞ்ஞானி கிளாபெய்ரான் 1834லயே எல்லாத்தயும் ஒண்ணா கட்டி குடுத்துட்டார், நாம மறுபடி பிரிச்சு மனப்பாடம் பண்ண வைக்கறோம். எது மாறல, அத ரெண்டு பக்கமும் அடிச்சுட்டா மிச்சம் நிக்கறதுதான் அந்தந்த விதி. என்னுக்கு பதிலா நிறை வகுத்தல் மோலார் நிறைன்னு போட்டா அடர்த்தி ஃபார்முலா தானா வந்து விழும்.

இன்னொண்ணு, இந்த சமன்பாடு எங்க செல்லாதுங்கறதயும் சேத்து சொல்லணும். பழைய ஐஐடி நுழைவுத் தேர்வுல ஒரு அருமையான கணக்கு உண்டு. 14.2 கிலோ கேஸ் இருக்கற வீட்டு சிலிண்டர், உள்ள அழுத்தம் 2.5 அட்மாஸ்பியர், 27 டிகிரில சமைச்சு 5.8 கிலோ தீந்துருச்சு, உள்ள இருக்கறது பியூட்டேன்னு வச்சுக்கோங்க, வெளிய வந்த வாயு எத்தன லிட்டர், மிச்ச அழுத்தம் எவ்வளவு? முதல் பாதி சுலபம், 5800 கிராம 58ஆல வகுத்தா 100 மோல், 100 பெருக்கல் 0.0821 பெருக்கல் 300, சாதாரண அழுத்தத்துல 2463 லிட்டர். ரெண்டாவது பாதிலதான் விழுவாங்க, 8.4ஐ 14.2ஆல வகுத்து 2.5ஆல பெருக்கி 1.48னு எழுதிடுவாங்க. சரியான விடை அதே 2.5! உள்ள இன்னும் திரவம் கெடக்கு, வெளிய போற வாயுவுக்கு ஈடா அது ஆவியாகிட்டே இருக்கும், வெப்பநிலை மாறாத வரைக்கும் அழுத்தமும் மாறாது. கேஸ் எவ்வளவு மிச்சம்னு பாக்க வீட்ல சிலிண்டர் மேல ஈரத்துணி போட்டு துடைப்பாங்களே, மேல சீக்கிரம் காஞ்சுரும், திரவம் இருக்கற மட்டம் வரைக்கும் ஈரம் கொஞ்ச நேரம் நிக்கும். சமையக்கட்டுல எங்கம்மா பண்ற இந்த வேலைல அந்த கணக்கோட விடை இருக்கு, கிளாஸ்ல யாரும் அத சொல்றதில்ல.

அதனால உங்க பக்கத்துல ஆப்ஷன் எழுத்த மட்டும் போடாம ஒவ்வொரு ஸ்டெப்பயும் யூனிட்டோட அச்சடிங்க, இடம் பத்தலன்னா அஞ்சு கேள்விய ரெண்டா கொறைச்சுக்கலாம், பசங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க. எஸ்டிபின்னு (திட்ட வெப்பநிலை, திட்ட அழுத்தம்) சும்மா எழுதாம 1 அட்மாஸ்பியரா 1 பாரான்னு தயவுசெஞ்சு குறிப்பிடுங்க. 1982லயே ஐயூபேக்ங்கற சர்வதேச வேதியியல் அமைப்பு 1 பாருக்கு மாறிடுச்சு, அதுல ஒரு மோல் 22.7 லிட்டர், பழைய கணக்குல 22.4, ரெண்டுமே புழக்கத்துல இருக்கு. கேள்வில சொல்லாம விட்டுட்டு விடைல ஏதோ ஒண்ண போட்டா, சரியா போட்ட பையனும் தப்புன்னு அழிச்சுட்டு மாத்தி எழுதறான்.

இப்படிக்கு,
ஒரு கெமிஸ்ட்ரி ட்யூஷன் டீச்சர்,
திண்டுக்கல்