ஹூக் ஸ்க்ரூவைத் தொடுமுன் ஊசியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்துவிட்டால் நீலகிரியில் தோல் தைக்கும் கடைகளில் ஒரே பேச்சுதான்: "மெஷின் தையல் விடுது", அதாவது நடுநடுவே தையல் விழாமல் போகிறது. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் இதைக் கேட்கலாம், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஊசித் தட்டுக்கு அடியில் சுழன்று ஊசியின் நூலைப் பிடிக்கும் கொக்கியான ஹூக்கைத் தளர்த்திவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தீரவேண்டிய கோளாறு அங்கேதான் முற்றுகிறது. பிறகு மெஷின் தலையைக் கழற்றி வண்டியில் ஏற்றி, 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையமோ கோவையோ கொண்டுபோக வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் ஹூக் தானாக நகர்வது அரிது. ஊசி தடித்த இடத்தில் மோதினாலோ, நூல் சிக்கி மெஷின் இறுகி நின்றாலோதான் அது நகரும். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால் ஹூக்கை விட்டுவிட்டு ஊசியிலிருந்து தொடங்குங்கள்.

துணி தைக்கும் ஊசியின் முனை உருண்டை. அது தோலை வெட்டாது, நெட்டித் தள்ளும். தள்ளும்போது வளைந்து ஹூக்கில் இடிக்கும். தோலுக்கு வெட்டுமுனை ஊசிதான் வேண்டும். பை, பெல்ட் போன்ற பொது வேலைக்குச் சாய்வாக வெட்டும் எல்.ஆர். முனை போதும். பாதமும் தோலோடு நகரும் வாக்கிங் ஃபூட் மெஷின்கள் பலவற்றுக்கும் டிபி 17 வகை ஊசி. கடையில் டிபி 5 கொடுத்துவிட்டால் தண்டு ஒரே பருமன் என்பதால் மாட்டிக்கொள்ளும். ஆனால் நீளம் சில மில்லிமீட்டர் குறைவு, ஹூக்குக்கு எட்டாது. ஒரு தையல்கூட விழாது. ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி, காதுக்கு மேலுள்ள குழிவு ஹூக்கைப் பார்க்கும்படி வைத்து ஸ்க்ரூவை முறுக்குங்கள். பழைய ஊசியைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். நுனியை நகத்தில் மெல்ல இழுங்கள். கீறினால் மழுங்கிவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

நூலுக்கேற்ற ஊசி அமையாமல்தான் பாதி நூல் அறுகிறது. பிரியாதபடி பிணைத்த பாண்டட் நைலான் நூலில் டிக்கெட் எண் குறையக் குறைய நூல் தடிப்பு: 40 டிக்கெட் நூலுக்கு 18-ஆம் நம்பர் ஊசி, 30-க்கு 19 அல்லது 20, 20-க்கு 22. சந்தேகமென்றால் ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்துச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே சுழன்று இறங்க வேண்டும். நின்றால் நூல் அந்தக் காதுக்குத் தடிப்பு. முறுக்கையும் பாருங்கள். நூலை நிமிர்த்திப் பிடித்தால் முறுக்கு வரி இடது கீழிருந்து வலது மேலாக ஏற வேண்டும். எதிர்முறுக்கு நூல் மெஷினில் பிரிந்து பஞ்சாகிவிடும்.

அடியில் நூல் கூடு கட்டினால் எல்லாரும் கீழ் நூல் சுற்றிய பாபினைக் குறை சொல்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் மேலே. தோலை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கிவைத்து நூல் கோத்தால், நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது. பாதத்தைத் தூக்கிக்கொண்டு கோத்துப் பாருங்கள். தொடங்கும்போது இரு நூல் நுனிகளையும் பின்னால் பிடித்து மூன்று தையல் போட்டபின் விடுங்கள். மேல் நூலும் கீழ் நூலும் பின்னும் முடிச்சு மேல்முகத்தில் தெரிந்தால் மேல் டென்ஷன் கூடுதல், அல்லது பாபின் கேஸ் தளர்வு. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள்: சும்மா நின்று, கையை லேசாக உதறினால் இரண்டு மூன்று விரற்கடை இறங்கினால் சரி. அந்தச் சின்ன ஸ்க்ரூவை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்ப வேண்டாம். மெல்லிய தோலில் 20 டிக்கெட் நூல் போட்டால் முடிச்சு ஒளிய இடமே இருக்காது. அதற்கு எந்த டென்ஷனும் மருந்தல்ல.

இனி, மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு. ஈரம் ஏறிய தோல் மெத்தென்று ஊசியைக் கவ்விக்கொள்ளும். கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, கண்ணைப் பாதத்தருகே வைத்துப் பாருங்கள். ஊசி மேலேறும்போது தோலும் ஒட்டிக்கொண்டு எழுந்து, பிறகு 'பட்'டென்று கீழே விழும். ஊசி அடிமட்டத்திலிருந்து இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் ஏறும்போதுதான் பின்பக்கம் நூல் வளையம் உப்பும். ஹூக் நுனி அதைப் பிடிக்கும். தோலும் கூடவே எழுந்தால் வளையம் உப்பாது, ஹூக் வெறுமனே சுற்றிப் போகும். இதற்கு மருந்து பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டுவது, ஊசியின் பருமனுக்கேற்ற துளையுள்ள ஊசித் தட்டைப் போடுவது, தோலை ஒரு நாள் நிழலில் காற்றாட வைப்பது. அடுப்பருகே வைத்து வாட்டாதீர்கள், தோல் மொறமொறத்து வெடிக்கும்.

தோலை ஒட்டும் சொல்யூஷன் பசையும் அப்படித்தான். குளிரில் பசை காயத் தாமதமாகும். சமவெளியில் பதினைந்து நிமிடத்தில் தைப்பது போல இங்கே தைத்தால் பசை ஊசிக் காதில் ஏறி அடைக்கும். தையல் விடும், நூல் நைந்து அறும். விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபிறகே மெஷினில் வையுங்கள்.

இத்தனையும் பார்த்தும் தையல் விட்டால் மட்டும் ஊசித் தட்டைக் கழற்றி ஹூக்கைப் பாருங்கள். ஊசி முன்சொன்ன அளவு ஏறும்போது ஹூக் நுனி ஊசியின் நடுவில், காதின் மேல்விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். இடைவெளி ஒரு தாள் கனம். அப்படி நின்றால் ஹூக் ஊசியைச் சந்திக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, தொடவே கூடாது. நுனியில் பிசிறு இருந்தால் நைசான எமரித் தாளால் தேய்த்தால் போதும்.

எண்ணெய் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கைக்கு எட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நண்பகலில்கூட அந்த வெப்பம் எட்டாத நாள்களே அதிகம். உள்ளே மெழுகாகி மெஷின் இறுகும், மோட்டார் திணறும். வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். இரவில் பாலித்தீன் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பருத்தித் துணி போதும். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் துரு பட்டால் ஊசித் துளையைச் சுற்றி மை போலக் கறுப்பு படரும். நம் மலையின் சீகைமரப் பட்டையில் இருக்கும் துவர்ப்பு, துருவின் இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் இப்படித்தான். பிறகு சும்மா துடைத்தால் அந்தக் கறை போகாது. காலையில் முதல் வேலையாக ஊசியைத் துடைத்து, கழிவுத் தோலில் பத்துத் தையல் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் குதிரைகளின் வயிற்று வாரையும் அங்கவடி வாரையும் மெஷினில் தைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மெஷின் தையலில் மேல் நூல் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் தளர்ந்து உருவிக்கொண்டு வரும். இரண்டு ஊசிகொண்டு கையால் தைத்த தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்கும். மேலே குழந்தைகள் உட்காருகிறார்கள். தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது: தோலில் விழுந்த துளை துணியில் போல மூடாது, நெருக்கித் தைத்தால் தபால் தலை போல அந்த வரியிலேயே கிழியும்.

இரண்டு கோரிக்கைகள். சென்னை கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சீசன் தொடங்குமுன், மார்ச் மாதத்தில், ஊட்டியில் இரண்டு நாள், கொடைக்கானலில் இரண்டு நாள் மெஷின் பராமரிப்பு முகாம் நடத்தினால் மலையில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். மலையிலுள்ள தையல் சாமான் கடைக்காரர்கள் எல்.ஆர். முனை ஊசியை 18, 20, 22 நம்பர்களில் வாங்கி வைத்து, உறையோடு கொடுக்க வேண்டும். உதிரியாகக் காகிதத்தில் மடித்துத் தந்தால் முனை எது, நம்பர் எது என்று வாங்கியவருக்குத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
தோல் தையல் மெஷின் பழுது பார்ப்போர்,
குன்னூர்.