ரோபோவைக் காட்டுகிறீர்கள், வைத்தியரைக் காட்டுங்கள்

திருகோணமலைக்கு வந்து ஆலோசனை முகாம் நடத்தும் வெளியூர்த் தனியார் வைத்தியசாலைகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் துண்டுப்பிரசுரங்களில் சத்திரசிகிச்சை ரோபோவின் கைகள் பெரிதாகத் தெரிகின்றன. அவற்றை இயக்கப்போகிறவர் யார் என்று எங்கும் இல்லை.

மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருகிறவர்களில் சிலர் இயந்திரம் தானே வெட்டித் தைக்கும், பிழை வராது என்று நம்புகிறார்கள். நீங்களும் திருத்துவதில்லை. டாவின்சி போன்ற சத்திரசிகிச்சை ரோபோ தானாக ஒரு தையலும் போடாது. திரைக்கு முன்னால் இருக்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் கையசைவைத்தான் அது உள்ளே கொண்டுபோகிறது. கை நடுக்கத்தை வடிகட்டும், முப்பரிமாணத்தில் பெரிதாக்கிக் காட்டும். இடுப்புக்குழியின் ஆழத்தில் ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியை எடுக்கும்போது இவை நல்ல வசதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாவனையிலுள்ள பல மாதிரிகளில், உடல் இழையத்தை எவ்வளவு இழுக்கிறோம் என்பது கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டும். அந்தக் கண் பழக நாளெடுக்கும். ஆகவே, எங்களுக்குச் செய்யப்போகும் வைத்தியர் இதே சத்திரசிகிச்சையை ரோபோவில் எத்தனை தடவை செய்திருக்கிறார்? அவருடைய கணக்கைச் சொல்லுங்கள். வைத்தியசாலையின் மொத்தக் கணக்கு வேண்டாம்.

சிறிய தழும்பு, சீக்கிரம் வீடு என்கிறீர்கள். சரி. ரோபோ இல்லாமல், சிறு துளைகளினூடாகக் கமரா விட்டுச் செய்யும் சாதாரண லப்பரஸ்கோப்பியிலும் தழும்பு சிறியதுதானே? அதன் கட்டணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இங்கே பலர் காணி உறுதியை ஈடுவைத்துத்தான் புறப்படுகிறார்கள்.

புற்றுநோய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆரம்பநிலைக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு லப்பரஸ்கோப்பி அல்லது ரோபோ மூலம் கர்ப்பப்பையை அகற்றிய பெண்களில், வயிற்றைத் திறந்து செய்தவர்களைவிட நோய் திரும்பியதும் இறப்பும் கூடுதல் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகமும் 2019 பெப்ரவரியில் எச்சரித்தது. முகாமில் கேட்கும் பெண்களுக்கு இதைச் சொல்கிறீர்களா?

ரோபோவில் தொடங்கி இடைநடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் மேலதிகச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வேண்டும்.

ஊர் திரும்பியபின் இரவில் காய்ச்சலோ இரத்தப்போக்கோ வந்தால் நோயாளி ஓடுவது இங்குள்ள பெரியாஸ்பத்திரிக்குத்தான். உள்ளே என்ன செய்யப்பட்டது என்ற முழுக் குறிப்பும் பயொப்சி (இழையப் பரிசோதனை) அறிக்கையும், கூப்பிட்டால் எடுக்கும் ஒரு வைத்தியரின் தொலைபேசி இலக்கமும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். முகாமில் தரும் கோப்பில் இப்போது இருப்பது விடுதிக் கட்டணமும் விமான நேரமும்தான்.

அடுத்த முறை விற்பனை அலுவலரோடு சத்திரசிகிச்சை நிபுணரையும் அழைத்து வாருங்கள். வர முடியாவிட்டால் காணொளியிலாவது பேசட்டும்.

இப்படிக்கு,
திருகோணமலைவாசி ஒருவர்