குப்பிக்குள் ஒரு குதிரைக்காரர்

டி மாயின், அயோவா
ஜூன் 14

அன்புள்ள செல்வத்துக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்கப் போவதில்லை. என் பங்குக்கு நானும் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன். எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புகிறார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. அதனால் பகலெல்லாம் பேத்தியும் நானும்தான்.

அமெரிக்கா போய் என்னதான் பார்த்தாய் என்று கேட்டிருந்தாய். ஒரு குப்பி மணல் பார்த்தேன். சிரிக்காதே, முழுக்கப் படி.

1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு நம் பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் நாம் ஒட்டிய மணல் காந்தி ஞாபகம் இருக்கிறதா? கன்னியாகுமரியில் பொட்டலம் பொட்டலமாக விற்கும் நிற மணலை வாங்கி வந்து, பலகையில் கோந்து தடவித் தூவினோம். அம்மன் கல்யாணம் நின்றுபோய், சமைத்ததெல்லாம் மணலாகிப்போன கதையை உன் ஆத்தா சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கக் கோந்து காயவே இல்லை. காலையில் பார்த்தால் மீசையின் கறுப்பு வழிந்து தாடைக்கு வந்திருந்தது. காந்திக்குத் தாடி வைத்த பயல்கள் என்று வாத்தியார் ஒருவர் பெஞ்சு மேல் ஏற்றினாரே, அந்த ஈரம் இன்னும் என் மனசில் காயவில்லை.

அப்படியிருக்க, துளி கோந்து இல்லாமல் மணலில் முகம் செய்த ஒருவரைப் பற்றி இங்கே தெரிந்துகொண்டேன். பெயர் ஆண்ட்ரூ கிளெமென்ஸ். 1857-ல் இதே அயோவாவில் பிறந்தவர். ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. கவுன்சில் பிளஃப்ஸ் ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் மெக்ரெகர் என்று ஒரு சின்ன ஊர், வீடு அங்கே. அந்த ஊருக்குத் தெற்கே இருக்கும் மணற்பாறை மஞ்சளும் சிவப்பும் பழுப்புமாக வரி வரியாக இருக்கும். அதைப் பொடித்து, சலித்து, நிறம் பிரித்து, மருந்துக்கடைக் கண்ணாடிக் குப்பிக்குள் அடுக்கியே படம் செய்தார். பூங்கொத்து, கழுகு, கொடி, நீராவிப் படகு. அவற்றில் பேர்போனது குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன்.

இந்த ஊர் மாநில அருங்காட்சியகத்தில் அவருடைய குப்பிகளைப் பார்த்தேன். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த உயரம்தான் இருக்கும். முதலில் கண்ணாடிமேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். வாஷிங்டன் குப்பியின் படத்தை மகள் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினாள். பெரிதாக்கப் பெரிதாக்க, கோடு கோடாகத் தெரியவில்லை, குருணை குருணையாகத் தெரிந்தது. குதிரையின் கால் ஒன்று, நாலைந்து மணல் மணி அகலம் இருந்தால் அதிகம். அந்தக் காலைப் பார்த்த பிறகு மேலே இருந்த ஜனாதிபதியை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

எப்படிச் செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காய்ந்த மணலைக் கொட்டினால் சரியும், செங்குத்தாக நிற்காது. அதனால் முதலில் முகத்தை வரைந்துவிட்டு அப்புறம் பின்னணியை நிரப்புகிற வேலை இதில் நடக்காது. மூக்கு ஒரு மணி உயர்ந்தால், அதை ஒட்டிய வானமும் ஒரு மணி உயர வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு வானத்துக்குள் சரிந்துவிடும். வடசேரியில் உன் அப்பா தறியில் உட்கார்ந்து பார்டரில் மயில் எடுப்பாரே, மயிலின் கால் முதலில் வந்து கொண்டை கடைசியில் வரும், பக்கத்துத் துணியும் கூடவே வளரும். அதே கணக்குத்தான். தறியில் இழை பிடித்துக்கொள்ளும். இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. நடுவிலும் மணலை இறுக்கி, விளிம்புவரை நிரப்பி, தக்கையை அழுத்தி மெழுகு வைத்து மூடினார். உள்ளே ஒரு மணிகூட அசைய இடம் இல்லை, அதனால் படம் நிற்கிறது. அவ்வளவுதான் ஒட்டு.

இன்னொன்று. பல குப்பிகளுக்கு வாய் கீழே. அதாவது, குப்பியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு படத்தைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார். வாங்குகிறவர் பெயரையும் எழுதிக் கொடுப்பார், அந்த எழுத்தும் தலைகீழாகத்தான். முனை வளைத்த குச்சிகளும் குட்டிக் கரண்டியும்தான் கருவிகள்.

போன சனிக்கிழமை அந்த மணல் வந்த இடத்துக்கே போனோம். காரில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது அது பைக்ஸ் பீக் என்ற மாநிலப் பூங்கா. மேட்டிலிருந்து பார்த்தால் விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் வந்து கலப்பது தெரிகிறது. பாறை என்று பெயரே தவிர, விரலால் தேய்த்தால் உதிர்கிறது. ஒரு பிடி எடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கக் கூடாது என்று மகள் முறைத்தாள்.

அங்கே நிற்கும்போதுதான் நம் ஊர் மணல் ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பாறையில் எல்லா நிறமும் குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமத்தின் மணல்தான். மேலே ஏறிய இரும்புத் துரு கூடக் குறைய இருப்பதால் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சட்டைதான் வேறு, ஆள் ஒன்று. நம் கன்னியாகுமரிக் கடற்கரையில் அப்படி இல்லை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், வெள்ளை குவார்ட்ஸ். மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்துப் பிரிக்கிறார்களே, அதே சரக்குத்தான். ஒவ்வொன்றும் வேறு கனிமம், எடையும் வேறு. கார்னெட் குவார்ட்ஸைவிட ஒன்றரை மடங்கு கனம், இல்மனைட் அதற்கும் மேல். நம் காந்தியின் மீசை ஏன் இறங்கியது என்று இப்போது புரிகிறதா? ஐம்பத்தைந்து வருஷமாக உன் கோந்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் குற்றம் இல்மனைட்டுடையது.

சரி, பார்த்ததோடு நிறுத்தினேனா? இந்தியக் கடையில் கோலப்பொடி ஆறு நிறம் வாங்கி வந்தேன். காலி ஜாம் குப்பி, ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி முனை வளைத்த குச்சி, பேத்தியின் பொம்மை ஸ்பூன். யாரைச் செய்வது என்று யோசிக்கவே இல்லை. நம் காந்திதான்.

குப்பியைக் கவிழ்க்கும் தைரியம் வரவில்லை. நேராகவே அடுக்கினேன். முதல் நாள் துண்டும் தோளும். இரண்டாம் நாள் தாடை. மீசை மூன்று தடவை கெட்டது. கோலப்பொடியில் நைசும் உண்டு, குருணையும் உண்டு, லேசாகத் தட்டினாலே நைஸ் பொடி குருணைக்கு நடுவே கீழே இறங்கிவிடுகிறது. கிளெமென்ஸ் ஏன் அப்படிச் சலித்தார் என்பது எனக்குக் கை வழியாகத்தான் புரிந்தது. ஐந்தாம் நாள் மூக்குக் கண்ணாடியின் இடது வட்டம் வந்துவிட்டது, செல்வம்! முழு வட்டம், ஒரு மணி தடிமன்! மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது வட்டத்தில் பாதிவரை வந்துவிட்டேன். அப்போது பேத்தி குப்பிக்கு அருகே முகத்தை வைத்து, "தாத்தா, இது யாரு? பனிமனுஷனா?" என்றாள். சிரித்துத் தொலைத்தேன். கம்பி கண்ணாடியில் இடித்தது. காந்திக்கு ஒற்றைக் கண்ணாடிதான் மிச்சம். அதையும் அவள் மறுநாள் தூக்கிக் குலுக்கி, எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது என்று எனக்கே வந்து காட்டினாள்.

கிளெமென்ஸ் 37 வயதில், 1894-ல் போய்விட்டார். நூற்றுக்கணக்கில் செய்தார், பல உடைந்து போயின. சில டாலருக்கு விற்ற குப்பிகளில் ஒன்று 2021-ல் ஏலத்தில் 9,56,000 டாலருக்குப் போயிருக்கிறது. மருமகனுக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த எண் மட்டும்தான். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. வாஷிங்டன் முகம் இவர்கள் நோட்டிலேயே இருக்கிறது, அதை யாரும் மறக்கப் போவதில்லை. இந்த மனிதர் எதற்காக ஒற்றைக் குதிரைக் காலுக்கு அத்தனை பாடுபட்டார்? பக்தியா, கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்தாரா, அல்லது குதிரைக் கால் தனக்கு வருகிறதா என்று பார்க்கும் வீம்பா? நான் காந்தியை எடுத்தது பக்தியால் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சுக்காகத்தான்.

செப்டம்பரில் வந்துவிடுவேன். அதற்குள் எனக்கு ஒரு காரியம் செய். கன்னியாகுமரிப் பக்கம் போனால் மணல் பொட்டலம் எல்லா நிறத்திலும் வாங்கி வை. சாயம் ஏற்றியது வேண்டாம். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார், நிறம் இறங்கினால் விட்டுவிடு. மாவு சல்லடையில் இரண்டு தடவை சலித்து வை, தங்கச்சி சல்லடையைத் தேடாத நேரமாகப் பார்த்து. நல்ல கண்ணாடிக் குப்பி நான் இங்கிருந்து கொண்டு வருகிறேன். கோந்து வாங்காதே.

உன்,
மணி