ருவாண்டாவைப் புகழ்பவர்கள் புருண்டியையும் பார்க்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போரால் சிதைந்த ஒரு நாடு எப்படி எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கு ஆபிரிக்க நாடான ருவாண்டாவை எடுத்துக்காட்டாகச் சொல்லும் கட்டுரைகள் நமது பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றன. கொழும்பிலிருந்து வன்னிக்கு வந்து போகும் பேச்சாளர்கள் சிலரும், அங்கே ஹூட்டு, துட்சி என்ற இனப் பேச்சையே ஒழித்து எல்லோரும் ருவாண்டியர் என்று ஆக்கியதால்தான் நாடு முன்னேறியது, நாமும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்டுவிட்டுச் செல்கின்றனர். பேச்சை ஒழித்தது உண்மை, முன்னேற்றமும் உண்மை. ஆனால் முன்னதால்தான் பின்னது விளைந்தது என்பதற்கு இவர்களில் எவரும் சான்று காட்டியதில்லை. அதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு, ருவாண்டாவின் எல்லைக்கு அப்பால் புருண்டி என்ற நாடு இருக்கிறது.

இரண்டும் நமது வட மாகாணத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புள்ள மலைநாடுகள். இரண்டையும் முதலில் ஜேர்மனியரும், முதலாம் உலகப் போருக்குப் பின் பெல்ஜியரும் ஆண்டனர். இரண்டும் 1962 ஜூலை 1ஆம் திகதி சுதந்திரமடைந்தன. இரண்டிலும் பெரும்பான்மையினர் ஹூட்டுக்கள், சிறுபான்மையினர் துட்சிகள், அவர்களிலும் சிறிய தொகையினர் த்வாக்கள். ஒரு நாட்டவர் பேசுவது மற்ற நாட்டவருக்கு விளங்கும். ருவாண்டாவில் 1994இல் சுமார் நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் அளவிலான மக்கள், பெரும்பாலும் துட்சிகள், கொல்லப்பட்டனர். புருண்டியில் 1972இல் ஹூட்டுக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். 1993இல் முதலாவது ஹூட்டு ஜனாதிபதி மெல்கியோர் நடடாயே படையினரால் கொல்லப்பட்டதும் மூண்ட உள்நாட்டுப் போர் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அதன் பின்னர்தான் இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் சென்றன. ருவாண்டாவின் வழி நமக்கு ஓரளவு தெரிந்தது. அடையாள அட்டையிலிருந்து இனம் நீக்கப்பட்டது. இனப் பிளவை வளர்க்கும் பேச்சு சட்டப்படி குற்றமாயிற்று. தலைநகர் கிகாலியின் தெருக்கள் துப்புரவானவை. பொலித்தீன் பைகள் 2008 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் நாடே சிரமதானத்துக்கு இறங்குகிறது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மருத்துவம். ஏழைக் குடும்பமும் சிறுதொகை கட்டிச் சேரக்கூடிய சுகாதாரக் காப்புறுதி கிராமங்கள் வரை சென்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் ஆயிரம் பிள்ளைகளில் 150க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதை எட்டாமல் இறந்த நாட்டில் இன்று அத்தொகை 50க்கும் கீழே வந்துவிட்டது. இதைக் குறைத்து மதிப்பிடுபவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடியிராதவராகத்தான் இருப்பார்.

ஆயினும் அந்த ஒழுங்குக்குள் எதைச் சொல்ல முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். கிசிட்டோ மிஹிகோ இனப்படுகொலையில் உயிர் தப்பிய துட்சி. அரச நினைவு நிகழ்ச்சிகளில் பாடிவந்த பக்திப் பாடகர். இனப்படுகொலையில் இறந்தவர்களோடு, வேறு வகையில் கொல்லப்பட்டவர்களும் மனிதர்களே, அவர்களுக்காகவும் பிரார்த்திக்கிறேன் என்ற பொருள்பட அவர் 2014இல் பாடினார். சில வாரங்களில் கைதானார். மறு ஆண்டு பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். 2020 பெப்ரவரியில் பொலிஸ் காவலில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது பொலிஸ். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைந்து கஞ்சி காய்ச்சுவதற்கும் நீதிமன்றத் தடை உத்தரவு வருமோ என்று அஞ்சிய காலத்தைக் கண்ட முல்லைத்தீவு மக்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ருவாண்டா ஜனாதிபதி போல் ககாமே 2024 தேர்தலில் பெற்ற வாக்கு 99 வீதத்துக்கும் அதிகம் என்பதையும் இத்துடன் சேர்த்து வாசிக்கலாம்.

புருண்டி இதற்கு நேர்மாறான வழியை எடுத்தது. முதலில் தன்சானியாவின் முன்னாள் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேயும், அவர் மறைந்தபின் நெல்சன் மண்டேலாவும் நடுநின்று, 2000ஆம் ஆண்டு தன்சானிய நகரான அருஷாவில் ஓர் உடன்படிக்கை எட்டப்பட்டது. அதைத் தழுவி எழுந்த 2005ஆம் ஆண்டு அரசியல் யாப்பு இனத்தை மறைக்காமல் எண்ணில் எழுதி வைத்தது: தேசிய சபையில் ஹூட்டுக்கள் 60 வீதம், துட்சிகள் 40 வீதம், த்வாக்களுக்கு மூன்று ஆசனங்கள், செனட்டில் ஹூட்டு, துட்சி சரிபாதி, படையில் எந்த ஓர் இனத்தவரும் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. அதுவரை துட்சிகளின் கையில் இருந்த இராணுவத்தில் முன்னாள் ஹூட்டுப் போராளிகள் சேர்க்கப்பட்டனர். நம் நாட்டில் இப்படியொரு யோசனையை வாய் திறந்து சொன்னாலே என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த ஏற்பாடு 2015இல் சோதனைக்கு உள்ளானது. ஜனாதிபதி பியர் நுகுருன்சிசா மூன்றாவது தடவையும் போட்டியிடப் போவதாக அறிவித்ததும் அப்போதைய தலைநகர் புஜும்புராவில் மக்கள் தெருவில் இறங்கினர். மே மாதத்தில் இராணுவச் சதி நடந்து தோற்றது. அதற்குத் தலைமை தாங்கிய ஜெனரல், ஜனாதிபதியைப் போலவே ஹூட்டு. அதே ஹூட்டுப் போராளி இயக்கத்தில் வளர்ந்தவர். எதிர்த்தவர்களிலும் ஒடுக்கியவர்களிலும் இரு இனத்தவரும் இருந்தனர். பலர் கொல்லப்பட்டனர், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினர், பின்னர் பழைய படையின் துட்சி அதிகாரிகளும் குறிவைக்கப்பட்டனர். ஆனால் 1972லும் 1993லும் நடந்தது போல ஓர் இனம் மற்றதன் மேல் பாயவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு எவரும் சிலை வைப்பதில்லை. ஆதலால் அருஷாவைப் பற்றி நமக்கு எவரும் வகுப்பெடுப்பதுமில்லை.

அன்றாட வாழ்க்கையில் புருண்டி படுமோசம். உலகின் மிக வறிய நாடுகளுள் அது ஒன்று. தலா வருமானத்தில் ருவாண்டா அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நிற்கிறது. நாம் 2022இல் நின்றது போன்ற எரிபொருள் வரிசைகள் அங்கே ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. கூட்டமாக ஓடி உடற்பயிற்சி செய்வதைக்கூட, எதிர்க்கட்சியினர் ஒன்றுகூடுகிறார்கள் என்று சொல்லி, 2014இல் கட்டுப்படுத்திய அரசு அது. இனப் பங்கீடு யாப்பில் இருக்க, உண்மையான அதிகாரம் ஆளும் கட்சியிடமும் அதன் இளைஞர் அணியிடமும் போய்ச் சேர்ந்தது. வறுமைக்குக் காரணம் பங்கீடு என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

காணி விடயத்தை ஒப்பிட்டால் இரு அரசுகளின் போக்கும் இன்னும் தெளிவாகும். புருண்டியில் 1972இல் தன்சானியாவுக்கு ஓடியவர்கள் போருக்குப் பின் திரும்பியபோது, இந்தியாவிலிருந்து திரும்பிய நம்மவர் சிலருக்கு நேர்ந்தது போலவே, தங்கள் நிலத்தில் வேறு குடும்பங்கள் இருக்கக் கண்டனர். 2006இல் அமைந்த காணி ஆணைக்குழு முதலில் பகிர்ந்துகொள்ள வைத்தது. பின்னர் தலைமை மாறியதும் திரும்பியவர்களுக்கே முழுவதையும் கொடுக்க முனைந்து புதிய பகையை மூட்டியது. ருவாண்டாவோ சில ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட காணித்துண்டுகளை வான்படங்களின் உதவியுடன், ஊரவர் எல்லையில் நிற்க அளந்து பதிந்தது. சட்டப்படி மணந்த மனைவியின் பெயரும் உறுதியில் ஏறியது. காணிக் கச்சேரிக்கு அலைந்தும் உத்தரவுப்பத்திரம் கையில் கிடைக்காத எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது பொறாமை தரும் செய்தி. ஆனால் அதே அரசு எந்த மலையில் எந்தப் பயிர் என்பதையும் தானே தீர்மானித்தது. மாற்றி நட்டவர்களின் பயிர் பிடுங்கப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தபோது கிளிநொச்சி விவசாயிகளும் அநுராதபுரத்து விவசாயிகளும் ஒருங்கே கூச்சலிட்டனர். கமநல சேவை நிலையங்களின் முன்னால் ஏசினர். நவம்பரில் அரசு பின்வாங்கியது. வயல் அழிந்த பின்னர்தான் என்றாலும் பின்வாங்கியது. கட்டளை பிழைத்தால் அதைத் திருத்துவதற்குக் கீழிருந்து ஒரு வழி உண்டா என்பதைக் கொண்டே நான் ஆட்சியை அளப்பேன். அந்த அளவையில் ருவாண்டாவும் புருண்டியும், இவ்வளவு வேறுபாடுகளுக்கும் அப்பால், ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. கிழக்குக் கொங்கோவில் எம்23 கிளர்ச்சிக்காரருக்கு ருவாண்டாப் படை துணைநிற்பதாக ஐ.நா. நிபுணர்கள் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டதையும், புருண்டிப் படை எதிர்ப்பக்கத்தில் நின்றதையும் பார்க்கும்போது, உள்ளே காணும் அமைதி வெளியே எவ்வளவு செலவு வைக்கிறது என்ற கேள்வியும் எழுகிறது.

வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின் இன்றுவரை தேர்தல் நடக்கவில்லை. புதிய யாப்பு பற்றிய பேச்சு மட்டும் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. ருவாண்டாவைப் பற்றி இனி எழுதுவோருக்கு இடமளிக்கும்போது, அருஷா உடன்படிக்கையிலும் 2005 யாப்பிலும் உள்ள படைகள் பற்றிய பகுதிகளையாவது தமிழாக்கி அருகிலேயே வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.