பாக்கி இருக்கட்டும்

ஊர் மக்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போய் இன்றோடு 11 நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. என் மகன் இப்போது பின்கட்டில் அவன் அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறான். இருவரும் ஏதோ பேசிக்கொள்ளும் சத்தம் திண்ணை வரைக்கும் வருகிறது. அது காதில் விழும்போதே இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதியதும் முதலில் அவனிடம்தான் காட்டினேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். மற்றதைப் போடலாம் என்றான்.

முதல் நன்றி பாய்க்கு. பேருந்து நிறுத்தத்து டீக்கடை பாய் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அவராக யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் கணக்கு எழுதியவன் நான். கடன் பேரேடுதான் என் வாழ்க்கை. "யாருக்கும் பாக்கி வைக்காதே" என்று சொல்லிச் சொல்லியே என் பிள்ளையை வளர்த்தேன். அந்த வாரம் அவன் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தான். சிநேகிதனிடம் வாங்கிய 2000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தன் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்துவிட்டான். இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்த அத்தைக்குத் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டான். மாதக்கணக்காகச் சுருண்டு கிடந்தவன் திடீரென்று முகம் தெளிந்து நடமாடினான். நான் பூரித்துப்போனேன். "பார்த்தியா, பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நல்ல பிள்ளையாக மாறிவிட்டான் என்று நான் நினைத்ததெல்லாம் அவன் எங்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தது. எனக்கு அது புரியவில்லை.

பாய்க்குப் புரிந்தது.

மூன்றரை மணி இருக்கும். கடையில் கூட்டம் இல்லாத நேரம். இவன் போய் 340 ரூபாயை எடுத்து நீட்டியிருக்கிறான். பாய் கடையில் கணக்கு நீள நோட்டில் இருக்கும், ஆளுக்கொரு பக்கம். எல்லோரும் மாதக் கடைசியில்தான் கொடுப்பது வழக்கம். "மாசம் பாதிகூட ஆகலையே தம்பி, இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டிருக்கிறார். "வச்சுக்குங்க பாய். என் பக்கத்தை அடிச்சிடுங்க" என்றிருக்கிறான்.

பாய் நோட்டை எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், ஆனால் நேராகக் கேட்டிருக்கிறார்: "தம்பி, செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவன் ஒடுங்கிக் கிடந்த மாதங்களில் எனக்குச் சந்தேகமே இல்லை என்று சொன்னால் அது பொய். கேட்டால் நாமே அந்த நினைப்பை அவன் தலையில் போட்டதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்து, "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பான பயம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். நேராகக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாதாம். ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டு இருப்பவருக்கு, இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததுபோல் இருக்குமாம். என் பிள்ளைக்கு அப்படித்தான் ஆனது. பெஞ்சிலேயே உடைந்து அழுதிருக்கிறான்.

பாய் புத்தி சொல்லவில்லை. அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு என்று சொல்லவில்லை. எவ்வளவு பேர் எவ்வளவு கஷ்டத்தோடு வாழ்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. டீ கேட்டு வந்தவர்களை "கொஞ்சம் ஆகும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு அவன் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறார். அசர் தொழுகைக்கு ஒருநாளும் தவறாதவர், அன்றைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அவன் எழுந்து போகப் பார்த்தபோது, அந்த 340 ரூபாயை அவன் சட்டைப் பையிலேயே திணித்து, "இந்தப் பாக்கி இருக்கட்டும். நாளைக்கு வந்து கொடு" என்றிருக்கிறார். அப்புறம் அவன் கண்ணெதிரே, அவனிடம் சொல்லிவிட்டே எனக்குப் போன் போட்டார். "அண்ணே, தம்பி என் கடையில இருக்கான். நீங்க வாங்க. வரும்போது கோபமா வராதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம். நான் எப்படிப்பட்ட அப்பன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் போனபோது என் மகன் கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். பாய் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார்.

எப்படிக் கேட்கத் தோன்றியது என்று நாலு நாள் கழித்துக் கேட்டேன். "தப்பாக் கேட்டிருந்தா தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு நினைச்சேன் அண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மற்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்ல முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு 14416-க்குப் போன் செய்தபோது பேசிய அந்த அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது. அது மத்திய அரசின் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறதாம், நாள் முழுக்கத் தமிழிலேயே பேசுகிறார்கள், காசு கிடையாது. அவனைத் தனியாக விட வேண்டாம், ஆபத்தான பொருள் எதுவும் வீட்டில் கைக்கு எட்டும்படி வேண்டாம், காலையில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள் என்று பதறாமல் சொன்னார். எங்கள் தோட்டத்து அறையைக் காலி செய்து, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போன எதிர்வீட்டு அக்கா, விடிய விடிய அவன் கட்டில் பக்கத்தில் படுத்திருந்த மச்சான், ஐந்து மணிக்கே கார் கொண்டுவந்த அவன் சிநேகிதன், "வேலை எங்கேயும் போகாது, நிதானமா வா" என்று செய்தி அனுப்பிய அவன் அலுவலக மேலாளர், சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் திரும்பிப் போன நாலைந்து வீட்டார், எல்லோருக்கும் கும்பிடு போடுகிறேன்.

அரசு மருத்துவமனை மனநல மருத்துவருக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதற்காகவே எத்தனை குடும்பங்கள் மூடி மறைக்கின்றன! அவர்தான் விளக்கினார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டுமாம், தண்டிக்கக் கூடாதாம். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமையாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லவும் இல்லை. என் பையனுக்கு வந்திருப்பது நோய், மருந்தும் பேச்சும் சேர்ந்தால் குணமாகும் என்றார். அங்கேயே தங்க வேண்டியதில்லை, வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

சென்னையில் இருக்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பையும் சொல்லாமல் விட முடியாது. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. அவன் பேசியது அங்கே இல்லை, நான் பேசினேன். மூன்றாம் நாள் ராத்திரி எனக்கே தாங்க முடியாமல் போனது. 044-24640050. என் பெயரைக்கூடச் சொல்லச் சொல்லவில்லை. ஓர் ஆண் பிள்ளை, அதுவும் இந்த வயதில், போனைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. அழ விட்டார்கள்.

ஸ்நேகாவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நம் கடலூர் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கம் சில ஊர்களில், பூச்சிமருந்தை யாரும் வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்திருக்கிறார்கள். விவசாயிகளும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பு எல்லா நேரமும் ஒரே வேகத்தில் இருப்பதில்லையாம், அலைபோல் வந்து போகுமாம். அந்த அலை அடிக்கும் நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பாதி ஆபத்து தாண்டிவிடும். இவ்வளவு பக்கத்தில் நடந்தது, சங்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

2022-இல் மட்டும் நம் நாட்டில் 1,70,924 பேரை இப்படி இழந்திருக்கிறோம் என்று குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. கணக்கெழுதியவன் என்பதால் அந்த எண்ணை வெறும் எண்ணாகத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. அதில் எத்தனை பேர் கடைசி வாரத்தில் எங்கோ ஒரு கடையில் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனார்களோ.

காரணம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதலா, கடனா, வேலையா என்று கேட்காதீர்கள். ஒரே காரணம் என்று ஒன்று கிடையாது. வாருங்கள், அவனோடு உட்காருங்கள், கிரிக்கெட் பேசுங்கள். மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையன் தானாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

நான் சும்மா இருக்கப்போவதில்லை. பூட்டுப் பெட்டி விஷயத்தைச் சங்கத்துக் கூட்டத்தில் எழுப்பப்போகிறேன். 14416 என்ற எண்ணைப் பாய் கடைச் சுவரில் பெயிண்டில் எழுதிவிட்டோம், என் மகன்தான் எழுதினான். மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும்போது தோற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே நேரில் போவேன். துணைத் தேர்வு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். அதை மட்டும் சொல்லிவிட்டு வர மாட்டேன், பாய் கேட்டதுபோல் கேட்பேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பாய் கடையில் காரை நிறுத்தச் சொன்னான். டீ குடித்துவிட்டு 340 ரூபாயை நீட்டினான். "நாளைக்கு வந்து கொடு" என்றார் பாய். அதற்கு மறுநாளும் அதே பதில்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டீ, 12 ரூபாய், அதே பக்கத்தில் ஏறுகிறது.

நேற்று பாய் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். பழைய பழக்கம், மனசுக்குள்ளேயே கூட்டினேன். 340, அதற்குக் கீழே பத்து டீ. 460 ரூபாய் பாக்கி. கணக்கு சரியாக இருந்தது.